நீண்டு பிழைக்கும் கிருமி

சென்ற இதழில் அம்மைப்பால் குத்தும் முறை பிறந்த வரலாற்றை நாம் எழுதியிருந்தோம். அதனை வாசித்த சகோதரி ஒருவர், வடக்கே ஒரு தொழில் நகரிலிருந்து, நான்கு பக்கத்தில் நமக்கொரு கடிதம் விடுத்திருக்கிறார். தம் பெயரை வெளியிடலாகாது என்று இரண்டு இடங்களில் அடிக்கோடிட்டு எழுதியிருப்பதால், ஊரின் பெயரையும் சேர்த்தே மறைத்துவிடுகிறோம். கடிதத்தின் சாரம் வருமாறு:

“எனக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் நீர்க்கடுப்பு ஐந்து முறை வந்துவிட்டது. மருந்து சாப்பிட்டால் மூன்று நாளில் குணமாகிறது. நீரைப் பரிசோதித்தால் கிருமி இல்லை என்கிறார்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ சென்றதும் பழையபடியே எரிச்சல். இது சுத்தக்குறைவால் வருவது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நான் அடுக்களைக்குள் நுழையும்போது பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கிருமி செத்துவிட்டது என்றால் எங்கிருந்து திரும்ப வருகிறது? தாங்கள் விஞ்ஞானம் எழுதுகிறவர் ஆயிற்றே, இதை எழுதுவீர்களா?”

குடும்பத்தார் அனைவரும் வாசிக்கும் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று ஒரு வார காலம் தயங்கினோம் என்பதை ஒளிப்பானேன்? சங்கத்தின் மூத்த அம்மையார் ஒருவரிடம் கேட்டோம். “எந்த வீட்டில் இல்லை இது? பேசாமல் எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டு அவர் பஜனைக்குப் புறப்பட்டுவிட்டார். எனவே எழுதுகிறோம். நாம் வைத்தியர் அல்லோம் என்பது நேயர்கள் அறிந்ததே. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பகலெல்லாம் சரக்கு ரசீதுகளைப் பதிந்து, மாலையில் நூல்நிலையத்தில் கிடைத்ததை வாசிக்கும் குமாஸ்தா எழுதுவது என்னும் அளவிலேயே இதனைக் கொள்க.

முதலில் கிருமியின் அறிமுகம். நீர்க்கடுப்புக்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஈ.கோலி என்னும் பாக்டீரியா. 1885-ஆம் ஆண்டில் தியோடோர் எஷ்சரிஷ் என்னும் குழந்தை வைத்தியர் இதனைக் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்தார். அவர் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. இது எங்கோ சாக்கடையிலிருந்து புகுந்த அந்நியன் அன்று. அன்பர்களாகிய உங்கள் குடலிலும், நம் குடலிலும், அச்சகோதரியின் மாமியார் குடலிலும் பிறந்த சில நாட்களிலிருந்தே குடியிருப்பது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலான வகைகள் சாதுக்களே. அவற்றுள் சில, சிறுநீர்ப் பாதை வழியே நீர்ப்பைக்குள் ஏறிவிட்டால்தான் தொல்லை.

அந்தப் பாதை ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு 4 சென்டிமீட்டர் மட்டுமே. அதன் வாயிலும் குடலின் வாயிலுக்கு அண்மையிலேயே அமைந்திருக்கிறது. இது உடலின் அமைப்பு. யாருடைய ஒழுங்கீனமும் அன்று. பெண்களில் சரிபாதிப் பேராவது வாழ்நாளில் ஒருமுறை இந்நோயை அனுபவிக்கின்றனர். ஒருமுறை வந்தவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அது திரும்பவும் வருகிறது. தினமும் இருமுறை நீராடுகிறவர்களுக்கும் வருகிறது. திருமணமான புதிதில் மிகுதியாக வருவதற்கும் காரணம் உண்டு. அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதுவும் இயற்கையே, அசுத்தம் அன்று.

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். செத்த கிருமி எப்படித் திரும்பும்? சில வேளைகளில் குடலிலிருந்து புதிதாகவே ஏறி வருகிறது. சில வேளைகளில் பழைய கிருமியே சாகாமல், உருமாறிப் பதுங்கியிருந்து மீள்கிறது. அந்த உருமாற்றத்துக்குத் தூண்டுகோல் எது என்று ஆராய்ந்தவர்கள் கண்டதுதான் வியப்பு. நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே கிருமியை அப்படி வேறொரு வடிவம் எடுக்கச் செய்கிறது!

கிருமிக்கு வடிவம் மாறுமா என்பது பழைய வழக்கு. 1872-இல் பெர்டினாண்டு கோன் என்னும் ஜெர்மானிய அறிஞர், பாக்டீரியாக்களை உருண்டை, கோல், சுருள் என்றவாறு வடிவத்தைக் கொண்டே இனம் பிரித்தார். அவரும், பின்னர் காசக் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கும், இன்ன கிருமிக்கு இன்ன வடிவம், அது மாறாது என்னும் கட்சியினர். நேகெலி முதலான வேறு சிலரோ, ஒரே கிருமி எந்த வடிவமும் எடுக்கும், இனமே மாறிவிடும் என்றனர். காக்கின் கட்சி வென்றது, வென்றதும் நியாயமே. ஏனெனில் இனம் மாறுவதில்லை. ஆனால் வெற்றியின் மிகுதியில் ஒரு சிறு உண்மையும் குப்பையோடு சேர்த்து வெளியே கொட்டப்பட்டது. உருப்பெருக்கியின் கீழ் எப்பொழுதாவது கோலுக்குப் பதில் நூல்போல் நீண்ட கிருமி தென்பட்டால், அது நைந்து சாகப்போகிற கிருமி, சிதைவு வடிவம் என்று ஒதுக்கிவிடுவது நெடுங்கால வழக்கமாயிற்று. வழக்கத்துக்கு மாறானதைச் சீக்கு என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது அலுவலகங்களுக்கு மட்டும் உரிய குணம் அன்று போலும்.

அந்தக் கோப்பை மீண்டும் பிரித்தவர்களுள் முக்கியமானவர்கள், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஸ்காட் ஹல்ட்கிரன் என்பாரும் அவருடைய மாணாக்கர்களும் ஆவர். எலிகளின் நீர்ப்பைக்குள் ஈ.கோலியைச் செலுத்தி, மணிக்கு மணி என்ன நடக்கிறது என்று அவர்கள் பார்த்தனர். 2003-லும் 2004-லும் வெளியிட்ட ஆய்வுகளில் அவர்கள் விவரித்த காட்சியை நம் சொற்களில் தருகிறோம்.

ஈ.கோலி சாதாரணமாக ஒரு குட்டைக் கோல். நீளம் ஏறத்தாழ 2 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்நூறு கிருமிகளை வரிசையாகப் படுக்க வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். இக்கோலின் மேனியெங்கும் மெல்லிய உரோமங்கள். அவற்றின் நுனியில் பிசின் போன்ற ஒரு புரதம். அதனைக் கொண்டு நீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சிறுநீர் வேகமாக ஓடினாலும் அடித்துச் செல்லப்படுவதில்லை. ஒட்டிய சிறிது நேரத்தில் சுவரின் மேற்புறத்து உயிரணுவுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

உள்ளே புகுந்ததும் பெருகுகிறது. பெருகும்போது முதல் உருமாற்றம் நிகழ்கிறது. கோல் குறுகி உருண்டை போலாகி, ஆயிரக்கணக்கில் நெருக்கமாக அடைந்துகொள்கின்றன. மாதுளையின் தோலுக்குள் முத்துக்கள் நெருக்கி அமர்ந்திருப்பதை நினைத்துக்கொண்டால் போதும். இந்நிலையில் வெளியே வெள்ளணுக்கள் வந்தாலும் உள்ளே கை நீட்ட இயலாது. சில மருந்துகளும் அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை.

ஆனால் உடலும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. நம் உயிரணுக்களின் மேல் காவற்காரர் போன்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, ஈ.கோலியின் மேலாடையிலுள்ள ஒரு பொருளைத் தொட்டவுடனே அபாயச் சங்கு ஊதிவிடும். டி.எல்.ஆர்-4 என்று அதற்குப் பெயர். அதன் வேலை இன்னதென்று 1998-இல் நிலைநாட்டிய புரூஸ் பாய்ட்லர் 2011-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சங்கு ஊதியதும், நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து படையெடுத்து வருகின்றன. இவை கிருமிகளை அப்படியே விழுங்கிச் செரிப்பவை. 1882-இல் சிசிலித் தீவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சின் உடலில் ஒரு முள்ளைக் குத்திவைத்து, அதனைச் சூழ்ந்துகொண்ட நடமாடும் அணுக்களைக் கண்டு இவ்வுண்மையை முதலில் ஊகித்தவர் மெச்னிக்காப் என்னும் ரஷ்ய அறிஞர். இன்னொரு காரியமும் நடக்கிறது. கிருமி புகுந்த மேற்புறத்து உயிரணுக்களை நீர்ப்பை தானாகவே உரித்துச் சிறுநீரோடு தள்ளிவிடுகிறது. தீப்பிடித்த கூரையைப் பிடுங்கி எறிந்து வீட்டைக் காப்பது போன்ற செயல் இது. எரிச்சலும், அடிக்கடி போகவேண்டும் என்னும் உணர்வும், நீர் கலங்கியிருப்பதும் பெரிதும் இந்தப் போரின் அடையாளங்களே.

இந்த நெருக்கடியில்தான் இரண்டாவது உருமாற்றம். கூடு உடைந்து கிருமிகள் வெளிப்படும்போது, பல மீண்டும் கோல் வடிவம் பெற்று ஓடுகின்றன. வெள்ளணுக்கள் அவற்றைப் பிடித்து விழுங்குகின்றன. ஆனால் சில, கோல் அளவில் நிற்பதில்லை. நீள்கின்றன, நீண்டுகொண்டே போகின்றன. 2 மைக்ரான் இருந்தது 50 மைக்ரானுக்கும் மேற்பட்டு நூலாகிறது. விழுங்க வந்த வெள்ளணுவின் குறுக்களவோ பன்னிரண்டு, பதினைந்து மைக்ரான்தான். சுற்றியுள்ள கோல்களையெல்லாம் தின்று தீர்த்த வெள்ளணுக்கள், இந்த நூல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவதை ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இந்நீட்சி எப்படி நிகழ்கிறது? கிருமி வளர்வது வேறு, பிரிவது வேறு. சாதாரணமாகக் கோல் இரு மடங்கு வளர்ந்தவுடன், நடுவில் ஒரு புரத வளையம் தோன்றும். அவ்விடத்தில் இறுகிச் சுவர் எழும்பி இரண்டாகும். வளையம் அமையாமல் தடுத்துவிட்டால் வளர்ச்சி மட்டும் நடந்து பிரிவு நின்றுபோகும். நம் தொழிலை ஒட்டிச் சொல்வதானால், இடைச்சுவரே எழுப்பாமல் பெட்டியை நீட்டிக்கொண்டே போவது போல. உள்ளே டி.என்.ஏ. பல பிரதிகளாக வரிசையாக இருக்கும். இடையே தடுப்பு இராது. ஆகவே இது சாகப்போகிற கிருமி அன்று. ஒரே தோலுக்குள் பத்து இருபது கிருமிகளின் முதல் இருப்பு. வெள்ளணுக்களின் ஆரவாரம் அடங்கியதும் நூலின் நீளத்தில் இடைச்சுவர்கள் எழுகின்றன. கோல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று புறப்படுகின்றன. மறுபடியும் ஒட்டுதல், புகுதல், பெருகுதல்.

வளையத்தைத் தடுக்கும் புரதத்துக்கு சுல்-ஏ என்று பெயர். கிருமியின் டி.என்.ஏ. சேதமடைந்தால், பழுது பார்த்து முடியும்வரை பிரிவதை நிறுத்திவைக்க ஈ.கோலி இதனைத் தயாரிக்கிறது. வெள்ளணுக்கள் கிருமியின்மேல் கக்கும் நஞ்சுகள் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தக்கூடியவை. எனவே, நாம் அடிக்கும் அடியே கிருமிக்கு நீளும்படி இட்ட கட்டளை ஆகிறது என்று கருதுகின்றனர்.

இது வெறும் ஊகமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இதனைச் சோதிக்க அவர்கள் செய்த காரியம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. மேலே சொன்ன காவற்புரதம் பிறவியிலேயே பழுதுபட்ட ஓர் எலியினம் உண்டு. அந்த எலிகளுக்குக் கிருமி வந்தாலும் சங்கு ஊதுவதில்லை. படையும் தக்கபடி வருவதில்லை. அவற்றின் நீர்ப்பைக்குள் அதே ஈ.கோலியைச் செலுத்தினார்கள். கிருமி புகுந்தது, பெருகியது. ஆனால் நூல் வடிவம் காணப்படவில்லை. எதிர்ப்பார் இல்லாதபோது நீள்வானேன்?

2006-இல் மறுபுறமாகவும் சோதித்தனர். சுல்-ஏ தயாரிக்கும் மரபணுவைக் கிருமியிலிருந்து நீக்கினார்கள். நீள முடியாத இக்கிருமி, சாதாரண எலியில் முதற்சுற்றுப் பெருக்கத்தோடு தளர்ந்து போயிற்று. அதே ஊனக் கிருமியைக் காவல் பழுதுபட்ட எலியில் விட்டபோது செழித்து வளர்ந்தது. ஆக, நீளும் திறமை கிருமிக்கு வாழ்வதற்காக வேண்டப்படவில்லை. நம் எதிர்ப்புக்கு எதிரே வாழ்வதற்காகவே வேண்டப்படுகிறது. இவ்வளவு தெளிவாகக் கேள்வியையும் விடையையும் எதிரெதிரே நிறுத்திய சோதனைகளை நாம் அதிகம் வாசித்ததில்லை.

நீளமாயிருந்தால் விழுங்க முடியாமற்போவது ஏன் என்பதற்கும் அதே 2006-இல் ஒரு விடை கிடைத்தது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான்டா பார்பரா கிளையில் ஜூலி சாம்பியன், சமீர் மித்ரகோத்ரி என்னும் இருவர், உயிரற்ற பிளாஸ்டிக் துகள்களைப் பல வடிவங்களில் செய்து, விழுங்கும் அணுக்களுக்கு இரையாக இட்டனர். நீள்வடிவத் துகளின் கூர்முனையை அணு முதலில் தொட்டால் சில நிமிஷங்களில் விழுங்கிவிட்டது. அகன்ற பக்கத்தைத் தொட்டால், அதன்மேல் பரவிப் படர்ந்ததே தவிர விழுங்கவில்லை. குழந்தைகள் சேவையின் ஒரு நுனியை உதட்டில் வைத்தால் முழுவதையும் உறிஞ்சிவிடுகிறார்கள். நடுவில் கவ்வினால் திண்டாடுகிறார்கள் அல்லவா? நூலுக்கு முனைகள் இரண்டு, பக்கமோ நெடுகிலும்.

எலிக்கு நடப்பது மனிதருக்கும் நடக்கிறதா? 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நீர்க்கடுப்புற்ற 80 பெண்களின் சிறுநீரை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். 33 பேரின் நீரில், அதாவது நூற்றுக்கு 41 பேரில், நூல் வடிவக் கிருமிகள் இருந்தன. 14 பேரின் நீரில், உரிந்து வந்த உயிரணுவுக்குள் அடைந்திருந்த கிருமிக் கூடுகளே காணப்பட்டன. நோயற்ற பெண்களின் நீரில் இவ்விரண்டும் இல்லை. பல ஆண்டுகளாகச் சிதைவு என்று ஒதுக்கப்பட்ட அந்த நூல்கள், அவ்வளவு பெண்களின் உடலில் உயிரோடு போரிட்டுக்கொண்டிருந்தவை என்று நினைக்கையில், உருப்பெருக்கியில் தெரிவதைவிடக் காண்பவரின் எண்ணத்தில் இருப்பதே பெரிதாகத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கிருமி நீள்வதற்கு வெள்ளணு ஒன்றே காரணம் என்று முடித்துவிடுவதற்கில்லை. மனித நீர்ப்பையின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, வெள்ளணுவே இல்லாமல் சோதித்தபோதும், செறிந்த, புளிப்பு மிகுந்த சிறுநீர் பட்டதும் கிருமிகள் நீண்டன. எனவே சிறுநீரின் தன்மைக்கும் இதில் பங்குண்டு.

செறிந்த சிறுநீர் என்றதும் நமக்கு ரயில் பிரயாணம் நினைவுக்கு வந்தது. சென்னையிலிருந்து டில்லிக்கு இரண்டு இரவும் ஒரு பகலும். நம் வீட்டுப் பெண்மணிகள் பலர், கழிப்பறைக்குப் போக நேருமே என்று அஞ்சி, வண்டி ஏறும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். புளியோதரைப் பொட்டலம் காலியாகிறது. தண்ணீர்ப் பாட்டில் அப்படியே இறங்குகிறது. வீடு சேர்ந்த மூன்றாம் நாள் எரிச்சல். நம் இல்லத்திலும் இது நடந்திருக்கிறது. நாமும் வெயிலின் சூடு என்று சொல்லி வாளாவிருந்திருக்கிறோம். 2018-இல் வெளியான ஒரு சோதனையை வாசித்த பிறகுதான் உறைத்தது. குறைவாகத் தண்ணீர் அருந்தும் பழக்கமுள்ளவர்களும், இந்நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுமான 140 பெண்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாரை நாள்தோறும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் அதிகமாகக் குடிக்கச் செய்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரி 1.7 முறை நோய் வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. ஏறத்தாழப் பாதி! தண்ணீருக்கு மருந்துச் சீட்டு வேண்டியதில்லை. சிறுநீரகமோ இருதயமோ பழுதுற்று, தண்ணீரை அளந்து குடிக்கும்படி வைத்தியர் சொல்லியிருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

நீள்வதைத் தவிர இன்னொரு வேடமும் உண்டு. அதன் கதை ஒரு மூக்கடைப்பில் தொடங்குகிறது. பெனிசிலினை 1928-இல் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஜலதோஷத்தால் ஒழுகிய மூக்குநீரைக் கிருமித் தட்டில் விட்டுப் பார்த்து, அதில் கிருமியின் சுவரைக் கரைக்கும் ஒரு பொருள் இருப்பதை அறிந்தார். 1922-இல் வெளியிட்ட அக்கண்டுபிடிப்புக்கு லைசோசைம் என்று பெயர். நம் கண்ணீரிலும், எச்சிலிலும், வெள்ளணுவுக்குள்ளும் அது இருக்கிறது. சுவர் கரைந்தால் கிருமி வெடித்துச் சாகும் என்பதே விதி. ஆனால் 1935-இல், ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குப் பெயர்ந்து வந்த எம்மி கிளைனபெர்கர் என்னும் பெண்மணி, சுவரே இல்லாமல் வாழும் கிருமி வடிவத்தைக் கண்டு விவரித்தார். தாம் பணியாற்றிய லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தின் முதலெழுத்தைக் கொண்டு எல்-வடிவம் என்று அதற்குப் பெயரிட்டார். தாய்நாட்டில் யூதர்க்கு இடமில்லை என்றாகிவிட்டதால் புலம் பெயர்ந்தவர் அவர்.

சுவரற்ற வடிவத்துக்குக் கோலும் இல்லை, நூலும் இல்லை. சவ்வுப் பையாக உப்பி, ஒழுங்கின்றிக் குமிழ்விட்டுப் பெருகுகிறது. பெனிசிலின் வகை மருந்துகள் சுவர் கட்டும் வேலையைத் தாக்குகிறவை. சுவரே இல்லாதவனிடம் கொத்தனார் வேலையை நிறுத்தி என்ன பயன்? 2018-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்து ஆய்வாளர்கள், ஒரு மண்கிருமியை வைத்துச் செய்த சோதனையில், நம் லைசோசைமே கிருமியைச் சுவரற்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பெனிசிலினிடமிருந்து தப்ப வழி செய்துவிடுவதைக் கண்டனர். காப்பவன் கொடுத்த அடி கள்வனுக்கு வாயிலாயிற்று. அடுத்த ஆண்டே, நீர்த்தொற்று அடிக்கடி வரும் முதியவர்கள் 30 பேரின் சிறுநீரைச் சோதித்து, 29 பேரில் ஏதேனும் ஒரு கிருமியின் சுவரற்ற வடிவத்தைக் கண்டதாக அதே நகரத்து ஆய்வாளர் வெளியிட்டனர். மருந்து நீங்கினால் சில மணி நேரத்தில் கிருமி சுவரை மீண்டும் கட்டிக்கொள்கிறது. வழக்கமான ஆய்வுக்கூடத் தட்டில் இவ்வடிவம் வெடித்துப்போவதால் கணக்கில் வருவதில்லை. “கிருமி இல்லை” என்று வந்த சீட்டுக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

இன்னொரு காரணமும் எலிகளில் காணப்பட்டுள்ளது. மேற்புறத்து உயிரணுக்கள் உரிந்த பின் வெளிப்படும் அடிச்சுவரின் உயிரணுக்களுக்குள், சில கிருமிகள் நாலைந்தாகக் கூடி, பெருகாமலே வாரக்கணக்கில் கிடக்கின்றன. சிறுநீரில் ஒன்றும் தெரியாது. மருந்து கொடுத்தும் முற்றிலும் ஒழிவதில்லை. பின்னொரு நாள் விழித்துக்கொள்கின்றன.

ஆகவே சகோதரியாருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: தங்களுக்கு ஐந்து முறை வந்தது தங்கள் குற்றம் அன்று. தங்கள் உடல் ஒவ்வொரு முறையும் சண்டையிட்டிருக்கிறது. அந்தச் சண்டைக்கு ஏற்பக் கிருமியும் வேடம் மாற்றியிருக்கக்கூடும். சோப்பை மாற்றியும், மஞ்சள் நீரில் கழுவியும் நீர்ப்பைச் சுவருக்குள் இருப்பதை எட்ட இயலாது. மிகையாகக் கழுவுவதால் புண்படுவதும் உண்டு.

செய்யத்தக்கவை சில உண்டு. எரிச்சல் தொடங்கியதும் மருந்துக் கடைக்காரரிடம் சென்ற முறை தந்த மாத்திரையையே கேட்டு வாங்குவதையும், அலமாரியில் மிஞ்சிய நாலு மாத்திரையை விழுங்குவதையும் விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்ப வருகிறவர்கள் மருந்தைத் தொடங்கும் முன்பே சிறுநீரைக் கொடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கச் சொல்வது நலம். எத்தனை நாள் மருந்து என்பதை வைத்தியர்தாம் சொல்ல வேண்டும். இக்காலத்து மருந்துகளில் ஒரே வேளையோடு முடிவதும் உண்டு, ஐந்து நாள் உண்ண வேண்டியதும் உண்டு. சொன்ன அளவை இடையில் நிறுத்துவதும் தவறு, நாமாக நீட்டிப்பதும் தவறு. குளிர்க்காய்ச்சலோ, விலாப்பக்க முதுகு வலியோ, வாந்தியோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது நீர்ப்பையைக் கடந்து சிறுநீரகத்துக்கு ஏறியதன் அடையாளமாயிருக்கலாம். கருவுற்றிருப்பவர்கள் சிறு எரிச்சலையும் பொருட்படுத்தாமல் விடலாகாது. மொழி தெரியாத ஊரில் வைத்தியரிடம் இதைச் சொல்வது எப்படி என்று கூச்சப்படுகிறவர்கள் நம்முள் பலர். சங்கத்து மாதர் பிரிவில் இந்தி நன்கு பேசும் இருவர், மருத்துவமனைக்குத் துணை வருவதற்கு இசைந்திருக்கிறார்கள். ஞாயிறு மாலையில் நூல்நிலையத்தில் அவர்களைக் காணலாம்.

மாமியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர் இளம்பெண்ணாயிருந்தபோது இதே வேதனையை அனுபவித்து, இதே சொல்லைக் கேட்டு, அதை உண்மையென்று நம்பியவராகவும் இருக்கலாம். இவ்விதழை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்துவிடுங்கள், அம்மா. பெயரில்லாத கடிதம் என்பதால் எந்த வீட்டுக் கடிதமோ என்று அவரும் வாசித்துவிடுவார்.

எதிர்ப்புச் சக்தியின் முன் நீளாமலும் சுவரை உரிக்காமலும், முற்றிலும் வேறு வழியாக, ஆண்டுக்கணக்கில் அசையாது கிடந்துவிடும் கிருமி ஒன்றுண்டு: காசக் கிருமி. அதனையும், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டிய சென்னை ஆராய்ச்சி நிலையத்தையும் இவ்விதழிலேயே எழுத எண்ணியிருந்தோம். ஆசிரியர் கொடுத்த இடம் தீர்ந்துவிட்டது. அடுத்த மாதம் எழுதுகிறோம்.